பல்லியமும் சுருதியும்

"சுருதி மாதா, லயம் பிதா" என்பர் இசை வல்லோர். பல கருவிகள் கூடி ஒலிக்கும் பல்லியத்திற்கு இது மிகவும் பொருந்தும்.

மேலைநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் நரம்புக் கருவிகள், மரக்குழல்கள், பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள் என நான்கு பிரிவுகள் உண்டு. நிகழ்ச்சி தொடங்குமுன் ஓபோ என்னும் குழல் ஒரு சுரத்தை ஊதும். அதன் ஒலி கூர்மையும் நிலைத்தன்மையும் உடையது. வயலின் முதல் ட்ரம்பெட் வரை அனைத்தும் அதனோடு இணையும். வினாடிக்கு 440 அதிர்வுகள் என்பது அச்சுரத்திற்குப் பல நாடுகள் ஏற்ற அளவு.

நம் கர்நாடக இசையிலோ, பாடுபவரின் குரலுக்கேற்பவே தம்பூராவின் ஆதார சட்ஜம் அமையும். வயலினும் மிருதங்கமும் அதற்கு இணங்கும்.

ஜாவாத் தீவின் கமெலான் குழுவில் வெண்கலக் கருவிகளே மிகுதி. மேடையில் அவற்றின் சுருதியை மாற்ற இயலாது. ஆகவே செய்யும்போதே ஒன்றோடொன்று இசையுமாறு அமைப்பர். ஒரு குழுவின் கருவி பொதுவாக மற்றொரு குழுவில் சேராது.

முறைகள் வேறாயினும் உண்மை ஒன்றே: ஒலிக்குமுன் கேட்க வேண்டும். உரத்த ட்ரம்பெட்டும் சிறிய ஓபோவுக்குச் செவிசாய்க்கிறதன்றோ!

தோழியரே, பாடகர் குழுவில் நிற்கும் நாமும் குரலை உயர்த்துமுன் அருகில் நிற்பவளின் குரலைக் கேட்போம். அப்போதுதான் பல குரல்கள் ஒரு பாட்டாகும்.