சீரியலில் கூட்டத்தோடு கூட்டமாக நடிக்கப் போகிறீர்களா? 20 குறிப்புகள்

சீரியல் கல்யாணத்தில் அட்சதை போடும் முப்பது பேர், ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள், கதாநாயகி அழுதுகொண்டே நடக்கும்போது காய்கறிப் பையோடு எதிரே வருபவர். இவர்கள் எல்லோருக்கும் ஷூட்டிங்கில் ‘அட்மாஸ்பியர்’ என்று பெயர். குறுக்கே நடந்து போகிறவர் ‘பாசிங்’. சாலிகிராமத்தில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவோடு ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். மூன்றாம் வரிசையில் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார வைத்துவிட்டார்கள். அன்று தொடங்கி, பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

கிளம்பும் முன்

1. ஏஜென்ட் போன் செய்ததும் “ஹீரோயின் யாரு?” என்றுதான் வாயில் வரும். அதை அப்புறம் கேட்கலாம். எந்த இடம், எத்தனை மணிக்கு, என்ன சீன், என்ன உடை, கமிஷன் போகக் கையில் எவ்வளவு, பேட்டா உண்டா, பணம் அன்றைக்கேவா அல்லது வாரக் கடைசியிலா? இந்த ஏழையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள்.

2. பதிவுக் கட்டணம், போட்டோ எடுக்கக் கட்டணம் என்று எவராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை தருகிறவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் வாங்க மாட்டார். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நடிகர்களுக்கான சங்கத்தில் சேர விரும்பினால் அதன் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பணம் கட்டி, ரசீது வாங்குங்கள்.

3. வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் ஷூட்டிங் என்றால் மெட்ரோவோ பஸ்ஸோ கிடைத்துவிடும். செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டி மாதிரி ஊருக்கு வெளியே என்றால், திரும்பி வர வண்டி ஏற்பாடு உண்டா என்று முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். பேக்கப், அதாவது அன்றைய ஷூட்டிங் முடிவது, எப்போது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு லொக்கேஷன் அனுப்பிவிடுங்கள்.

4. ஒரு சீனுக்கு மூன்று உடை கொண்டுபோவது நல்லது. பளீர் வெள்ளை வெளிச்சத்தில் கண்ணைக் கூசும். நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் திரையில் நெளியும். கம்பெனிப் பெயர், பெரிய எழுத்து போட்ட சட்டையும் வேண்டாம். “ரிச்சா வாங்க” என்று சொன்னால் பட்டும் நகையும் என்று அர்த்தம். ஆனால் கல்யாணப் பெண் அரக்குப் பட்டில் இருந்தால் உங்கள் அரக்குப் புடவை பையை விட்டு வெளியே வராது. பச்சை, மாம்பழ மஞ்சள் என்று இன்னும் இரண்டு கைவசம் இருக்கட்டும்.

5. முந்தின இரவே புடவைக்குக் கொசுவம் மடித்துத் துணி கிளிப் போட்டு, மேலே வெயிட்டாக ஏதாவது வைத்துவிடுங்கள். உடை மாற்றத் தனி அறை எல்லா இடத்திலும் இருக்காது. கொசுவம் தயாராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் கட்டி முடிக்கலாம்.

6. பையில் இருக்க வேண்டியவை: ஊக்கு ஒரு கொத்து, ஊசி நூல், பொட்டு அட்டை, சீப்பு, சின்னக் கண்ணாடி, பருத்தித் துண்டு, தண்ணீர் பாட்டில், மாத்திரை, நாப்கின், செய்தித்தாள். செய்தித்தாள் படிக்க மட்டுமல்ல, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார வேண்டிவந்தால் விரித்துக்கொள்ளவும்.

7. தங்க நகையை வீட்டில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். கவரிங் போதும். கவரிங் பட்டுக் கழுத்து அரித்தால், நகையின் உள்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசி நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

8. லைட் சூட்டில் ரவிக்கையின் அக்குள் நனைந்து திட்டாகத் தெரியும். பழைய பருத்தி வேட்டித் துணியைப் பிறை வடிவில் வெட்டி, இரண்டு மடிப்பாக உள்ளே தைத்துக்கொள்ளுங்கள். ஈரமானால் பிரித்து வேறு துணி மாற்றலாம்.

செட்டில்

9. காலையில் எப்படி இருந்தீர்களோ, அந்த சீன் முடிகிறவரை அப்படியே இருக்க வேண்டும். இதற்குப் பெயர் கன்டினியூட்டி. ஒருமுறை கல்யாண மண்டப சீனில், தலைவலி தாங்காமல் மதிய இடைவேளையில் மல்லிகைப்பூவை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அசிஸ்டென்ட் டைரக்டர் தம்பி போனில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். “அக்கா, காலையில தலையில பூ இருந்துச்சே, எங்கக்கா?” என் பூ குப்பைக்கூடையில். இருபது நிமிடம் யூனிட்டே நின்றது. கடைசியில் பின்வரிசை அம்மா தன் தலையிலிருந்து ஒரு முழத்தைக் கிள்ளிக் கொடுத்துக் காப்பாற்றினார். அன்று முதல், உட்கார்ந்ததும் நானே என்னை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன், யூனிட்டில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு.

10. உட்கார்ந்த நாற்காலி, பக்கத்தில் இருந்தவர், கைப்பை எந்தக் கையில் இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள். முதலில் மொத்தக் கூட்டத்தையும் எடுப்பார்கள். பிறகு அதே சீனை ஒவ்வொரு முகமாகக் கிட்டத்தில் எடுப்பார்கள். காலையில் போட்ட அட்சதையைச் சாயங்காலம் வரை போட வேண்டியிருக்கும்.

11. கேமராவைப் பார்க்காதீர்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். பாசிங் என்றால் ‘ஆக்‌ஷன்’ கேட்டதும் பாயாமல், உங்களுக்குக் கை காட்டும்போது நடங்கள். எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தீர்கள் என்பது நினைவிருந்தால் ‘ஒன் மோர்’ சொல்லும்போது தடுமாற்றம் இல்லை.

12. பின்னால் பேசுவதுபோல் நடிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையட்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வத்தக்குழம்புப் பக்குவத்தைச் சத்தமில்லாமல் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். முகம் தானாகவே இயல்பாகிவிடும். கண்ணாடி வளையலும் கொலுசும் ஷாட்டில் சத்தம் போடும், போடலாமா என்று முன்னதாகவே கேளுங்கள்.

13. பந்தி சீனில் இலையில் இருப்பதைச் சாப்பிட வேண்டாம். எத்தனையோ டேக்குக்கு லைட்டடியில் கிடந்த சோறு அது. பிசைவது, எடுப்பது, வாய்வரை கொண்டுபோவது போதும். கம்பெனிச் சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும், அதை வயிறாரச் சாப்பிடுங்கள்.

14. இழவு சீனுக்குக் கண்ணீர் வர கிளிசரின் கொடுப்பார்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். எரிந்தால் கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். இழவு சீன் முடிந்து வீட்டுக்கு வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவது பக்கத்து வீட்டு அக்காவின் வழக்கம். நம்பிக்கையோ இல்லையோ, நாள் முழுக்கப் படிந்த புழுதி போய்விடும்.

15. சத்தம் பதிவாகும் என்று ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிடுவார்கள். வியர்த்துக் கொட்டும், அதனால் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் வசதி சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்கள் செய்யும் பெரிய தப்பு. அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்றில் கொண்டு விடும். வந்ததும் முதல் வேலையாகப் பாத்ரூம் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

16. லைட் ஸ்டாண்டுக்கு அடியிலும் கிரேனுக்குக் கீழேயும் நிழல் கிடைக்கிறதே என்று உட்காராதீர்கள். கேபிளை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். 2020 பிப்ரவரி 19 அன்று ஈவிபி பிலிம் சிட்டியில் ஒரு சினிமாப் படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள்.

17. குழந்தையை நடிக்கக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, ஒரு குழந்தை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. இடையில் ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் நிரந்தர வைப்பில் போக வேண்டும். “இன்னும் ஒரே ஒரு ஷாட்” என்று இழுத்தால் முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

18. தகாத பேச்சு, தொடுதல் எதையும் ‘இந்த ஃபீல்டுல இதெல்லாம் சகஜம்’ என்று பொறுத்துப்போக வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலிக்கு வருகிறவருக்கும், ஏஜென்ட் மூலம் வருகிறவருக்கும் பொருந்தும். பெண்கள் உதவி எண் 181.

வீடு திரும்பியதும்

19. மேக்கப்பை சோப்பால் தேய்க்காமல், தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு முகம் கழுவுங்கள். பட்டுப்புடவையை உடனே மடித்துப் பீரோவில் வைத்தால் வியர்வை கறையாகிவிடும். நிழலில் ஓர் இரவு காற்றாட விட்டு மடியுங்கள். பிறகு ஒரு நோட்டில் தேதி, இடம், சீரியல் பெயர், ஏஜென்ட், வந்த நேரம், விட்ட நேரம், வந்த பணம், வராத பணம் எல்லாம் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து “அன்னைக்கு நீங்க வரவே இல்லையே” என்று சொல்பவரிடம் இந்த நோட்டுதான் பேசும்.

20. ஒரு சீரியலில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்தவர் அதே சீரியலில் நர்ஸாகவும் வந்தால் ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘கோலங்கள்’ போல 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடர்களில் இது எளிதில் நடக்கும். முன்பு என்னவாக வந்தீர்கள் என்று யூனிட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, “நாளைக்கு எட்டு மணிக்கு என்னைப் பாருங்க” என்று சொந்தக்காரர்களுக்குப் போன் போடாதீர்கள். எடிட்டிங்கில் எது நிற்கும், எது போகும் என்று சொல்ல முடியாது. என் மாமியார் என்னைத் திரையில் கண்டுபிடித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் முதுகுதான், புடவைக் கரையை வைத்து. முகம் தெரிந்த நாளுக்கும் முதுகு தெரிந்த நாளுக்கும் சம்பளம் ஒன்றுதான்.