குடிலுக்குள் வெள்ளரி

நுழையும்முன்

பயிருக்குப் பசுமைக்குடில் அமைப்பது ஒரு பணி. அக்குடிலுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுப்பது மற்றொரு பணி. இரண்டாவதில் பிழை நேர்ந்தால் முதலாவதற்கு இட்ட முதல் வீணாகும். இதனை வெள்ளரிச் சாகுபடியின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

பழைய விருப்பம்

வெள்ளரியின் தாயகம் இந்தியா. அதன் காட்டுறவான கசப்புக்கொடி இமயமலை அடிவாரத்தில் வளர்கிறது. வெப்பத்தை விரும்பும் இக்கொடியினத்தைக் குளிர்காலத்திலும் காய்க்கச் செய்யும் விருப்பம் மிகப் பழையது. உரோமப் பேரரசர் திபேரியசின் உணவிற்காக, வெள்ளரி இனக் காய்களைச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் வளர்த்தனர். குளிர்நாள்களில் ஒளி புகும் கல்தகடுகளால் மூடிக் காத்தனர். இச்செய்தியைக் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதியுள்ளார்.

தேனீ இல்லாத தோட்டம்

இன்றைய குடிலின் கூரை நெகிழித்தாளால் ஆனது. பக்கங்களில் பூச்சி புகாவலை கட்டப்படுகிறது. அவ்வலை வெள்ளை ஈயைத் தடுக்கிறது, தேனீயையும் தடுத்துவிடுகிறது. நாட்டு வெள்ளரியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே மலர்கின்றன. மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கத் தேனீ வாராவிடில் பிஞ்சுகள் வெம்பி உதிரும்.

ஆதலால், கருவுறாமலேயே காய்க்கும் வகைகள் குடிலுக்கு ஏற்றவை. அவற்றில் பெரும்பாலும் பெண்பூக்களே தோன்றும். சூலகம் விதையில்லாக் காயாக வளரும். 30 செ.மீ.க்கு மேல் நீளும் ஐரோப்பிய வகையும், ஏறத்தாழ 15 செ.மீ. வளரும் மென்தோல் சிறுவெள்ளரியும் இத்தகையன. கொடியை நூலில் மேலேற்றிப் பக்கக்கிளைகளைக் கிள்ளிவிட்டால் காற்றும் ஒளியும் தடையின்றிக் கிடைக்கும்.

இவ்வகைகளுடன் நாட்டு வெள்ளரியையும் நட்டுத் தேனீயை உள்ளே விடுதல் தகாது. மகரந்தம் ஏற்ற காய் விதை கொண்டு, நுனி பருத்து வடிவம் கெடும். சந்தையில் விலை குறையும்.

வித்து யாரிடம்?

விதையில்லாக் காய் உண்பவர்க்கு இனியது. எனினும், அடுத்த பருவத்திற்கு உழவரிடம் வித்து எஞ்சுவதில்லை. ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தே பெறவேண்டும். நாட்டு வெள்ளரியின் முற்றிய பழமோ அடுத்த விளைச்சலுக்குரிய வித்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. எனவே, குடிலில் புதுவகையை வளர்ப்போரும் திறந்த வெளியில், பிற வகைகளுக்குத் தொலைவில், சில நாட்டுக்கொடிகளைப் பேணுதல் வேண்டும். வருவாய்க்குக் குடில் துணையாகும். வித்துக்கு அக்கொடிகளே துணையாகும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதியில் விளையும் வெள்ளரி வகைகளையும் அவற்றின் விதைகளை உழவர்கள் பாதுகாக்கும் முறைகளையும் கேட்டறிந்து எழுதுக.