காறை எலும்பும் கடைச் சாவியும்

 

சென்ற மழைக் காலத்தில் நாம் சைக்கிளிலிருந்து விழுந்து இடது தோளின் காறை எலும்பை முறித்துக்கொண்டோம். பூரண சுகமாக 4 மாதம் ஆயிற்று. சங்கத்துப் பெரியவர் ஒருவர், "பட்டதை எழுதுங்கள் தம்பி, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்று வற்புறுத்தியதன் பேரில் இதனை எழுதத் துணிந்தோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி, வைத்தியரல்லோம். டாக்டர்கள் சொல்லக் கேட்டதையும், ஓய்வில் படித்தறிந்ததையும், நம் அவசரத்தால் வந்த கேட்டையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

விழுந்த விதம்

நமது சி ரூசாவில் ஒரு பக்கம் போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலை. மறு பக்கம் பழைய தோட்டங்களுக்குப் போகும் பாதைகள். ரப்பர் மரங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. இளைஞர்கள் பட்டணம் போய்விட்டார்கள். மிஞ்சியிருக்கும் வயோதிகர்களுக்குச் சாமான்களை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது நம் தகப்பனார் காலத்திலிருந்து வரும் வழக்கம்.

அன்று ஸுபுஹுத் தொழுகை முடிந்து, காரியரில் 10 கிலோ அரிசியும், ஹாண்டிலில் ரொட்டியும் முட்டையும் தொங்கவிட்டுப் புறப்பட்டோம். இரவு மழை மண்ணை அடித்துக்கொண்டு வந்து வளைவில் பரப்பியிருந்தது. திரும்பும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தோம். சக்கரம் வழுக்கிற்று. பின்னாலிருந்த பாரம் தள்ள, இடது தோள் தரையில் மோத விழுந்தோம். காய்ந்த விறகு ஒடிவது போல ஓர் ஓசை கேட்டது. ஆனாலும் நாம் முதலில் திரும்பிப் பார்த்தது முட்டையைத்தான். வியாபாரி புத்தி அப்படி!

தோட்டத்தில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார். "பாய், எழுந்திரிக்காதீங்க. வலது கையால இடது முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கோங்க" என்றார். தோளை அமுக்கவில்லை, இழுத்துப் பார்க்கவில்லை. நம் தோள் துண்டை முக்கோணமாக மடித்து, கையை மார்போடு சேர்த்துத் தொங்கலிட்டு, கழுத்தில் முடிச்சுப் போட்டார். விரல்களைக் கிள்ளி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவே. பின்னர் ஆஸ்பத்திரியில், அதுவே சரியான முதலுதவி என்றார்கள்.

எலும்பின் இயல்பு

காறை என்பது கழுத்தணி. அது படியும் இடத்து எலும்பாதலால் தமிழில் இதற்குக் காறை எலும்பு என்று பெயர். அரபியில் தர்குவா என்பர். உயிர் பிரியும் வேளையைக் கூறும் இடத்தில், 75-ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் கியாமாவில் இச்சொல்லின் பன்மை வருவதை ஓதியவர்கள் அறிவார்கள். லத்தீன் மொழியில் இதன் பெயருக்குச் சிறு சாவி என்று பொருள். கையை மேலே உயர்த்தும்போது இந்த எலும்பு பூட்டில் சாவி திரும்புவது போலத் தன் அச்சிலே சற்றுப் புரளுகிறது.

கைக்கும் உடலுக்கும் இடையே எலும்பால் உள்ள ஒரே பாலம் இதுதான். தாயின் வயிற்றில் முதன்முதலாகக் கெட்டிப்படத் தொடங்குவதும் இது. வளர்ச்சி முடிய 20 வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளுவதும் இது. கையை ஊன்றி விழுவதைக் காட்டிலும், தோள் நேரே தரையில் மோதுவதால்தான் இது பெரும்பாலும் முறிகிறது. முறிவுகளில் 100-க்கு ஏறத்தாழ 80 நடுப்பகுதியில் நேருகின்றன. நமக்கும் அங்கேதான்.

கட்டா, கத்தியா?

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "முனைகள் அதிகம் விலகவில்லை. ஆப்பரேஷன் வேண்டாம். தொங்கல் கட்டுப் போதும்" என்றார். மாவுக் கட்டுப் போடவில்லையே என்று நாம் கலங்கினோம். மூச்சு விடும்போதெல்லாம் அசையும் இடத்தில் மாவுக் கட்டு நிற்காது என்று விளக்கினார். தோள்களைப் பின்னால் இழுத்து 8 என்ற எண் போலக் கட்டும் வழக்கமும் உண்டு. ஆனால் சாதாரணத் தொங்கலிலும் எலும்பு அதே போலக் கூடுகிறது, நோயாளிக்கு உபத்திரவமும் குறைவு என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

கத்தி வைப்பதைப் பற்றி அபிப்பிராயம் மாறி வந்திருக்கிறது. 1960-இல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் நீர், கத்தியின்றிச் சிகிச்சை பெற்ற 2,235 பேரில் 3 பேருக்கே எலும்பு கூடாமல் போனதாக எழுதினார். அதனால் நெடுங்காலம் தொங்கல் ஒன்றே போதும் என்றிருந்தார்கள். 2007-இல் கனடா நாட்டு எலும்பு வைத்தியர்கள் 132 பேரை வைத்துச் சோதித்து, முனைகள் முற்றிலும் விலகிப்போன பெரியவர்களுக்குத் தகடு வைத்துத் திருகுவது அதிகப் பலன் தருகிறது என்று கண்டார்கள். ஆகவே, எல்லோருக்கும் கத்தி என்பதும் தவறு. எவருக்கும் வேண்டாம் என்பதும் தவறு. படத்தைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டும்.

உறவினர் சிலர், உருவிக் கட்டுபவரிடம் போகச் சொன்னார்கள். ஊரில் முட்டை வெள்ளைக் கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயரை அறியாத தமிழரில்லை. எலும்பு கட்டும் கலையை நாம் இழிவாகப் பேச மாட்டோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தமது தஸ்ரீஃப் நூலின் கடைசிப் பாகத்தில் எலும்பு முறிவுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். ஆனால் காறை எலும்புக்குக் கீழே பெரிய இரத்தக் குழாயும், கைக்குப் போகும் நரம்புகளும், நுரையீரலின் உச்சியும் இருக்கின்றன. முறிந்த முனையை அவற்றின் மேல் வைத்து உருவலாகாது. நாம் உருவவில்லை.

பல்லால் இழுத்த வீரர்

முதல் வாரங்களில் படுக்க முடியவில்லை. சாய்வு நாற்காலியில் பாதி உட்கார்ந்தபடியே உறங்கினோம். உறக்கம் வராத ஓர் இரவில் நம் மகன், "அத்தா, இவரைப் பாருங்க" என்று ஒரு பழைய படத்தைக் காட்டினான். இத்தாலிய சைக்கிள் வீரர் பியோரென்ஸோ மாக்னி, ஹாண்டிலில் கட்டிய ரப்பர் டியூபைப் பற்களால் கடித்து இழுத்துக்கொண்டு மேடேறும் படம் அது.

1956-இல் தம் 35-ஆம் வயதில், ஜிரோ என்னும் இத்தாலியப் பெரும் பந்தயத்தின் நடுவே அவர் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டார். விலக மறுத்தார். கையால் ஹாண்டிலை இழுக்க முடியாததால், மெக்கானிக் பாலியேரோ மாஸி டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கட்டிக் கொடுத்தார். கடும் பனி பெய்த போந்தோனே மலையையும் ஏறி, சார்லி கோலுக்கு அடுத்தபடியாக இரண்டாவதாக வந்தார்.

இதைப் படித்ததும் நமக்கு ஒரு முறுக்கு வந்துவிட்டது. அவர் மலையேறினார், நாம் ஒரு மூட்டை தூக்கக் கூடாதா? ஆனால் கதையின் நடுப்பகுதியை நாம் கவனிக்கவில்லை. இடக் கையில் வலு இல்லாதபடியால் மாக்னி வழியில் மறுபடியும் விழுந்து, மேற்கை எலும்பையும் முறித்துக்கொண்டார்.

ஐந்தாம் வாரம்

ஐந்தாம் வாரம் வலி நின்றது. வலி நின்றதை எலும்பு கூடியதாக எண்ணினோம். அன்று லாரிக்காரர் அரிசி மூட்டைகளை வாசலில் இறக்கிப் போட்டுப் போனார். வானம் கறுத்தது. உதவிக்கு ஆள் வரும்வரை பொறுக்காமல் ஒரு மூட்டையைத் தூக்கினோம். பழைய இடத்தில் பழைய வலி வெட்டிற்று.

மறு எக்ஸ்ரேயில், கூடத் தொடங்கிய இடம் சற்று விலகியிருந்தது. "எலும்பு உங்கள் கணக்குக்கு வராது. அதன் கணக்குக்கு நீங்கள்தான் வர வேண்டும்" என்றார் டாக்டர். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். பெரியவர்களுக்கு எலும்பு கூட 6 முதல் 12 வாரமாகும். பாரம் தூக்க ஏறத்தாழ 3 மாதம். நம் அவசரம் அந்த 5 வாரத்தையும் விழுங்கிற்று.

கடையின் முறிவு

நிற்க. இனிச் சொல்லப்போவதே முக்கியம். கடைச் சாவி 18 ஆண்டுகளாக நம் இடுப்பிலேயே இருந்தது. விழுந்த அன்று அதை நம் வீட்டாரிடம் கொடுத்தோம். மறுநாள் அவர் வந்து, "யார் யார் எவ்வளவு தரணும்? நோட்டில் பாதிப் பேருக்கு எழுத்தே இல்லையே" என்று கேட்டார். அது நம் தலைக்குள் இருந்தது. சரக்கு யாரிடம் என்ன விலைக்கு எடுப்பது என்பதும் தலைக்குள்தான். அந்தத் தலை தரையில் மோதியிருந்தால் கணக்கு என்னவாகியிருக்கும்? முறிந்தது எலும்பு மட்டுமல்ல. கடையும் ஒரே எலும்பில் நின்றிருந்தது என்பது அன்றுதான் விளங்கிற்று.

தோட்டத்துக் கிழவி ஒருவர் தாமாகவே வந்து, "பாய்க்கு முப்பத்தேழு வெள்ளி தரணும்மா" என்று வைத்துவிட்டுப் போனார். நம் நினைவில் 30 தான் இருந்தது. வந்தவர்கள் தந்தார்கள், வராதவர்களைக் குறை சொல்ல நம்மிடம் எழுத்தில்லை. இப்பொழுது எல்லாம் நோட்டில் ஏறியிருக்கிறது. கொடுத்த சாவியை நாம் திரும்ப வாங்கவில்லை. நமக்கென்று இன்னொன்று செய்துகொண்டோம்.

இன்னொரு குறையும் நம்முடையதே. 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, டாக்சி ஓட்டுநர்களுக்குத் தொடங்கிய சொக்சோ பாதுகாப்பு 2020 முதல் சிறு வியாபாரம் உள்ளிட்ட பல தொழில்களுக்கு விரிக்கப்பட்டது. தொழில் செய்கையில் விபத்து நேர்ந்தால் சிகிச்சைக்கும், வேலை செய்ய இயலாத நாட்களுக்கும் உதவி கிடைக்கும். முன்னரே பதிந்திருக்க வேண்டும். நாளை, மறுநாள் என்று நாம் தள்ளிப் போட்டோம்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. விழுந்தவுடன் கையை மார்போடு தொங்கலிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும். மூச்சுத் திணறல், கை மரத்தல் அல்லது குளிர்தல், எலும்பு தோலை முட்டி வெளுக்கச் செய்தல், காயம் திறந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

2. சட்டை போடும்போது முறிந்த பக்கத்துக் கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

3. விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாள் முதலே அசைக்கலாம். தோளை டாக்டர் சொன்ன நாளில், சொன்ன அளவே. அறவே அசைக்காவிட்டால் தோள் இறுகிவிடும்.

4. புகை பிடிப்போருக்கு எலும்பு கூடத் தாமதமாகும். விட்டுவிட இது நல்ல சமயம்.

5. தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்த்துவது ஸுன்னத்து. முடிந்த கையை மட்டும் உயர்த்தலாம். ஸுஜூது செய்ய இயலாதவர் உட்கார்ந்து சைகையால் தொழ மார்க்கம் இடம் தருகிறது. உளூ, குளிப்பு விவரங்களை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

6. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் உத்தரவு தருமுன் சைக்கிள் ஏறலாகாது. ஏறியபின், மண் படிந்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாரத்தோடு முன் பிரேக்கை மட்டும் இறுக்கலாகாது.

மாக்னியின் மன உறுதியை இன்றும் மெச்சுகிறோம். ஆனால் அவருக்குப் பந்தயம் சில வாரங்களில் முடிந்துவிட்டது. நாமோ நாளையும் கடை திறக்க வேண்டியவர்கள். பொறுமை என்பது சும்மா உட்கார்ந்திருப்பதன்று. உட்கார நேர்ந்தால் கடை நடக்கும்படி முன்னரே செய்து வைப்பதும் பொறுமையில் சேர்ந்ததே. இதைப் படித்து முடித்ததும் சகோதரர்கள் தங்கள் கடன் நோட்டை ஒரு தரம் புரட்டிப் பார்த்தால், நாம் விழுந்ததும் வீணாகாது.