சுகர் வந்த பூனைக்கு டாக்டர் தேடுறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

"நல்ல பூனை டாக்டர் யாரு?"ன்னு யார்கிட்டயும் கேட்காதே. தன் பூனைக்குத் தடுப்பூசி போட்டவர், கருத்தடை பண்ணினவர் பேரைத்தான் ஆளாளுக்குச் சொல்வாங்க. அவங்க நல்ல டாக்டராவே இருக்கலாம், ஆனா சுகர் வேற சமாச்சாரம். "உங்களுக்குத் தெரிஞ்சு யார் வீட்டுப் பூனையாவது இன்சுலின் போட்டுக்குதா? யார் பார்க்கிறாங்க?"ன்னு கேளு. தெருப்பூனைக்குச் சோறு வைக்கிறவங்க, பூனைத் தீனி விக்கிற கடைக்காரர், க்ளினிக்கை ஒட்டியிருக்கிற மெடிக்கல் ஷாப்காரர், இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். யாருக்கு எந்த டாக்டர் இன்சுலின் எழுதுறார்ங்கிறது மெடிக்கல் ஷாப்காரருக்கு மனப்பாடம்.

பெயர்ப்பலகையில பி.வி.எஸ்சி. இருக்கணும். எம்.வி.எஸ்சி., அதுவும் மெடிசின் படிச்சவரா இருந்தா இன்னும் நல்லது. மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துல பதிவு எண் இருக்கான்னு பாரு. "பெட் ஷாப் அண்ணன் ஊசி போடுவார்"னு எவராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதே.

போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதிக்கோ. தண்ணி எப்போலேருந்து அதிகமா குடிக்குது, மண் தட்டு எவ்வளவு நனையுது, நல்லா சாப்பிட்டும் இளைக்குதா, மூத்திரத்துல எறும்பு மொய்ச்சுதா, பின்னங்காலைக் குதிகால் தரையில படற மாதிரி வச்சு நடக்குதா. இதோட, அரிப்புக்கு, புண்ணுக்குன்னு இதுவரைக்கும் போட்ட ஊசி பேரெல்லாம். ஸ்டீராய்டு ஊசியால பூனைக்குச் சுகர் வரும், இருக்கிற சுகரும் ஏறும். இதை நீ சொல்றதுக்கு முன்னாடி அவரே கேட்டார்னா, பாதிப் பரீட்சையில பாஸ்னு வச்சுக்கோ. பல்லைத் திறந்து பார்த்து, மூத்திரத்துல கிருமி இருக்கான்னு சோதிக்கச் சொன்னா இன்னும் ரெண்டு மார்க். வாயில சீழோ மூத்திரப்பையில கிருமியோ இருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது.

முதல்லயே ஒண்ணு மனசுல வாங்கிக்கோ. பயந்த பூனைக்குச் சுகர் தானா ஏறும். ஆட்டோ சத்தம், பக்கத்து நாற்காலியில லாப்ரடார், குளிர்ந்த மேஜை. இத்தனையும் தாண்டி எடுக்கிற ரத்தத்துல சுகரே இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டலாம். அந்த ஒரு நம்பரைப் பார்த்துட்டு உடனே "வாழ்க்கை பூரா இன்சுலின்"னு எழுதறவர்கிட்ட கொஞ்சம் நிதானமா இரு. ஃப்ரக்டோசமைன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. கடைசி ரெண்டு வாரச் சராசரிச் சுகரை அது காட்டிடும், அன்னைக்கு ஏற்பட்ட பயம் அதுல பெருசா தெரியாது. "அது எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?"னு மரியாதையா கேளு. நல்லவரா இருந்தா சந்தோஷப்படுவார்.

இப்ப நிஜமான கேள்வி. என்னைக் கேட்டா, டாக்டரைத் தேர்ந்தெடுக்க இது ஒண்ணே போதும்: "வீட்லயே சுகர் பார்த்து உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பலாமா?" "அதெல்லாம் உங்களால முடியாதும்மா, வாரா வாரம் இங்க கொண்டு வாங்க"ன்னு சொன்னா, வணக்கம் சொல்லிட்டு எழுந்து வந்துடு. பூனைக்கு இன்சுலின் பொதுவா 12 மணி நேரத்துக்கு ஒண்ணா, நாளைக்கு ரெண்டு வேளை. ரெண்டு ஊசிக்கு நடுவுல சுகர் எவ்வளவு கீழ இறங்குதுன்னு தெரியாம டோஸைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதுக்கு ஊசிக்கு முன்னாடி ஒரு தடவை, பிறகு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு அடுத்த ஊசி வரைக்கும் பார்க்கணும். இதை வீட்லதான் நிம்மதியா பண்ண முடியும். காது மடலைக் கையால கொஞ்சம் சூடாக்கி ஓரத்துல குத்தினா ஒரு சொட்டு ரத்தம் வரும். பயப்படாதே, பூனை உன்னைவிடத் தைரியசாலி. காதுல எப்படிக் குத்தணும், தோலை எப்படித் தூக்கி ஊசி போடணும்னு உன் கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடுக்கிற டாக்டரோ கம்பவுண்டரோ இருக்கிற க்ளினிக், ஏ.சி. வெயிட்டிங் ஹால் இருக்கிற க்ளினிக்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தாத்தாவோட குளுக்கோமீட்டர் ஆகுமான்னு கேட்பே. மனுஷ மீட்டர் பூனை ரத்தத்துல நிஜத்தைவிடக் கொஞ்சம் கம்மியாக் காட்டும். எந்த மீட்டர்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அதையே மாத்தாம வச்சுக்கோ. தோல்ல ஒட்டுற லிப்ரே சென்சரும் சில டாக்டர்கள் பூனைக்குப் போடறாங்க. மனுஷங்களுக்கு 14 நாள் ஓடும், பூனை அத்தனை நாள் விட்டு வைக்கும்னு நம்பிப் பணம் போடாதே.

ஊசி விஷயத்துல மட்டும் என் பேச்சைத் தட்டாதே. நம்ம ஊர்ல இன்சுலின் பொதுவா ரெண்டு அடர்த்தியில கிடைக்குது, மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. பூனைக்கு அதிகமா எழுதற கிளார்ஜின் பொதுவா 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சுல ஒரு கோடு எடுத்தா உள்ளே போறது ஒண்ணு இல்ல, ரெண்டரை யூனிட். அரை யூனிட்டுக்கே கணக்குப் பார்க்கிற உடம்பு அது. சீட்டுல இன்சுலின் பேரோட சிரிஞ்ச் வகையையும் எழுதிக்குடுக்கிற டாக்டர்தான் டாக்டர். எழுதலைன்னா அங்கேயே நின்னு கேட்டு எழுதி வாங்கு. தாத்தா ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பாட்டிலைத் தொடவே தொடாதே.

"டோஸை எப்போ குறைப்பீங்க டாக்டர்?"னும் கேட்டு வை. சீக்கிரமே கண்டுபிடிச்சு, மாவுச்சத்து குறைஞ்ச ஈரத் தீனி குடுத்து, சுகரைக் கட்டுக்குள்ள வச்சா சில பூனைக்கு இன்சுலினே தேவைப்படாமப் போகும். அப்ப பழைய டோஸையே போட்டுக்கிட்டிருந்தா ஆபத்து. ஏத்த மட்டும் தெரிஞ்சு இறக்கத் தெரியாதவர் வேண்டாம். தீனியைப் பத்தியே பேசாதவரும் வேண்டாம். பால்சோறு, தயிர்சோறை நீ நிறுத்தித்தான் ஆகணும். ஆனா மனுஷங்களுக்குச் சொல்ற மாதிரி "ஒரு வேளை பட்டினி போடுங்க"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதே. ரெண்டு மூணு நாள் சாப்பிடாத குண்டுப் பூனைக்கு ஈரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே வினையாகும். தீனியை மாத்தறதுக்கு முன்னாடியும் டாக்டர்கிட்ட சொல்லிடு, மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலினும் குறையணும். அம்மா வெந்தயத் தண்ணி குடுக்கச் சொல்வா. தலையாட்டிட்டு விட்டுடு, பூனையும் குடிக்காது.

சின்ன ஊர்ல இருக்கிறவங்க என்ன பண்றது? பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்துல மாடும் ஆடும்தான் வரிசையில நிக்கும், அந்த டாக்டர் பூனைச் சுகரை வருஷத்துக்கு ஒண்ணு பார்த்தாலே அதிகம். அது அவர் தப்பில்ல. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. முதல் தடவை அங்க இருக்கிற மருத்துவமனைக்குக் கொண்டு போய் முழுசாப் பார்த்து, எழுதி வாங்கிட்டு வா. பிறகு உள்ளூர் டாக்டர் கூடவே நடத்திக்கலாம். கல்லூரியில கூட்டமும் நாய்க்குரைப்பும் அதிகம், கூடையைத் துண்டால மூடிக் கொண்டு போ.

ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடறதுன்னும் முதல் நாளே கேட்டுடு. சுகர் 60-க்குக் கீழ போனாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ குளுக்கோஸ் கரைசலோ தேனோ ஈறுல தடவு. வாயில ஊத்தாதே, புரையேறும். தடவிட்டு உடனே போன் பண்ணு. சாப்பிடாம, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தா அதுவும் காத்திருக்கிற விஷயமில்ல.

தீபாவளிக்கு ஊருக்கு வர்றதா இருந்தா, ரெண்டு வேளையும் நேரத்துக்கு ஊசி போடற போர்டிங் அந்த க்ளினிக்ல இருக்கான்னு இப்பவே விசாரி. இடம் சீக்கிரம் நிறைஞ்சுடும். இல்லேன்னா பூனையையும் கூட்டிட்டு வந்துடு, இன்சுலினை ஐஸ் பேக் மேல நேரா வைக்காம ஒரு துணியில சுத்திக் கொண்டு வா, உறைஞ்சுபோச்சுன்னா வேலைக்காகாது.