வரவேற்புக்கு ஷூ வாங்கும் முன்

வேடந்தாங்கல்

சிரஞ்சீவி தம்பி மகனுக்குப் பெரியப்பாவின் ஆசிகள்.

காலையில் வேடந்தாங்கலில் முகூர்த்தமும் மாலையில் மாமல்லபுரக் கடற்கரை விடுதியில் வரவேற்புமாக நடக்கும் திருமணத்தில், மணவறையில் எவரும் காலணியுடன் அமர்வதில்லையாதலால் காலைப் பொழுதுக்கு ஷூ பற்றிய கவலை இல்லை. மாலையிலோ, மணமகனும் அவர் தந்தையும் தம்பிமாரும் நண்பர்களுமாக எட்டுப் பேர் கோட்டு சூட்டுடன் ஒரே மாதிரி ஷூ அணிந்து, வருவோரை வரவேற்றபடி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டியிருப்பதால், அவரவர் பாதத்துக்குப் பொருந்தும் ஷூவைத் தேடுவது பட்டுப்புடவை எடுப்பதற்கு இணையான கவனத்தைக் கோரும் வேலையாகிறது.

எட்டுப் பேரிடமும் சைஸ் எண்ணை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி ஒரே கடையில் கொடுத்துவிடுவது எளிதாகத் தோன்றினாலும், அது ஏமாற்றத்தில் முடியும். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் வழங்கும் ஆங்கில அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. ஐரோப்பிய அளவிலோ அது மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது சுமார் 6.7 மில்லிமீட்டர்தான். ஆகவே ஆங்கில 8 ஏறத்தாழ ஐரோப்பிய 42 ஆகும் என்றாலும், இரண்டும் எல்லா எண்ணிலும் சரியாக ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் நண்பர் 9 என்று சொன்னால் இங்கே அது பெரும்பாலும் 8.

இந்த எண்கள் நீளத்தை மட்டுமே சொல்கின்றன, அகலத்தைச் சொல்வதில்லை. 1948இல் தொடங்கப்பட்டு அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியரின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று கண்டறிந்தது. அயல்நாட்டுப் பாதத்தை மனத்தில் கொண்டு செய்த அச்சில், அதாவது ஷூவுக்கு வடிவம் தரும் பாதம் போன்ற கட்டையில், உருவான ஷூவை வாங்கும் நம்மவர், பக்கவாட்டில் இறுக்குகிறது என்பதற்காக ஒரு சைஸ் கூட்டி வாங்குவதும், பிறகு குதிகால் நழுவுகிறது என்று வருந்துவதும் இதனால்தான்.

எனவே அளவெடுப்பதே முதல் வேலை. நாள் முழுதும் நடந்து பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், வரவேற்பன்று அணியப்போகும் அதே சாக்ஸுடன், குதிகாலைச் சுவரில் ஒட்டி, உடல் எடை பாதத்தில் இறங்கும்படி வெள்ளைத்தாளின் மேல் ஒருவர் நிற்க, மற்றொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடிட வேண்டும். பென்சில் உட்புறம் சாய்ந்தால் பாதத்தின் அகலம் தாளில் குறைந்துவிடும். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரலே நீண்டிருக்கும் என்பதால், எது நீளமோ அந்த விரலின் நுனிவரை அளந்து, பின்னர்ப் பெருவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் அடிமூட்டுகளைச் சேர்த்துத் தையல் டேப்பால் சுற்றளவையும் குறிக்க வேண்டும். இரு பாதமும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருப்பது அரிது; பெரிய பாதத்துக்கே ஷூ வாங்க வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, லேஸ் கட்டும் இரு மடல்களும் அடியில் சேர்த்துத் தைக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு வகை மிடுக்கானதுதான். ஆனால் மடல்கள் நன்றாக விரிந்து திறக்கும் டெர்பி வகையே அகன்ற பாதத்துக்கும் உயர்ந்த மேற்பாதத்துக்கும் இடம் கொடுக்கும். பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி பெறும்போதெல்லாம் கழற்றி மாட்டுவதற்கும் அதுவே வசதி. எட்டு ஜோடியும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டியதில்லை. நிறம் ஒன்றாக இருந்தாலே புகைப்படத்துக்குப் போதும்.

ஆம்பூரில் ஏற்றுமதியில் மிஞ்சிய தோல் ஷூக்கள் நல்ல தரத்தில் கிடைக்கின்றன என்றாலும், மிஞ்சிய சரக்கில் 6 முதல் 11 வரை எல்லா சைஸும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வளர்ந்துகொண்டிருக்கும் பதினான்கு வயதுத் தம்பிக்கு மட்டும் கடைசி மாதத்தில் வாங்குவதே நலம். மற்றவர்கள் முன்கூட்டியே வாங்கி, பத்து நாள்களுக்கு வீட்டுத் தரையில் அரைமணி நேரம் அணிந்து நடந்து பழக்க வேண்டும். உப்புநீர் தோலைக் கெடுக்குமாதலால் விடுதியில் மணலில் இறங்கும்போது ஷூவைக் கழற்றிவிட வேண்டும்.

மணமகனின் தந்தை சொல்லும் எண் அவர் இளமையில் அணிந்த ஷூவின் எண்; வயது ஏறப் பாதம் அகலமாகும் என்பதோடு, சர்க்கரை நோய் உள்ள அவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கவும் கூடுமாதலால், ஷூ கடித்துக் கொப்புளம் எழுந்தாலும் உடனே தெரியாமல் போய்ப் புண்ணாகிவிடும். ஆகவே மற்ற ஏழு பேருக்கும் முன்பாக, இந்த வாரமே ஒரு மாலையில் தந்தையை நிற்கவைத்து, மகன் தன் கையாலேயே அவர் பாதத்தை அளந்து அனுப்புவானாக.

இங்ஙனம்,
பெரியப்பா