110 வோல்ட் கருவிக்கு வீட்டிலேயே ஒரு மின்னழுத்த மாற்றி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையரை மலேசியாவின் காப்பாரில் உள்ள நம் வீட்டுச் சுவரில் நேராகச் செருகினால் புகைதான் மிஞ்சும். நிலக்கரி எரிக்கும் சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம் காப்பாரிலேயே இருக்கிறது. ஆனாலும் நம் வீட்டுக்கு வருவது மலேசியா முழுக்கப் போகும் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்.

முதலில் லேபிள்

கருவியின் பின்புறம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் மாற்றியே தேவையில்லை. போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகை. பிளக் அடாப்டர் போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அதே கதைதான், அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110 அல்லது 120 மட்டும் இருந்தால் மேலே படியுங்கள். ஜப்பானியக் கருவிக்கு 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும். 110 அதற்கு அதிகம்.

வாட் கணக்கு

லேபிளில் உள்ள வாட்டை இரண்டால் பெருக்குங்கள்; டிரான்ஸ்ஃபார்மரின் விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு அதற்குக் குறையக் கூடாது. 120 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு 300 விஏ டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். 750 வாட் மிக்சிக்கு 1,500 விஏ வேண்டும். அந்த இரும்புக் கட்டிக்குக் கொடுக்கும் காசில் இங்கேயே புது மிக்சி வாங்கிவிடலாம். அயர்ன், ஹேர் டிரையர் பக்கம் போகவே வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடும் பழைய மேசைக் கடிகாரம் இங்கே மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும்.

என்ன வாங்குவது

கோலாலம்பூர் புடுவில் உள்ள ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேளுங்கள். சுருளை நீங்களே சுற்ற முயல வேண்டாம். 50 ஹெர்ட்ஸுக்கு உரிய, இரண்டு தனிச் சுருள்கள் கொண்ட 'ஐசொலேட்டிங்' வகை வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மலிவுதான். ஆனால் அதில் பொதுச் சுருள் அறுந்தால் 230 வோல்ட் அப்படியே கருவிக்குள் போய்விடும்.

300 விஏ டிரான்ஸ்ஃபார்மர் என்றால், கூடவே காற்றுத் துளையுள்ள உலோகப் பெட்டி, மூன்று கம்பி வயர், 2 ஆம்பியர், 3 ஆம்பியர் ஸ்லோ புளோ ஃபியூஸ்கள், அவற்றுக்கான ஹோல்டர்கள், அமெரிக்க சாக்கெட், சிரிம் (SIRIM) தர முத்திரையுள்ள மூன்று முனை பிளக்.

இணைப்பு

எல்லா இணைப்பும் பிளக் சுவரில் இல்லாதபோதுதான். பிளக்கைத் திறந்து உள்ளே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். பலர் மறக்கும் வேலை இது. பழுப்பு வயர் 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக உள்ளீட்டுச் சுருளின் ஒரு முனைக்கு, நீலம் மறுமுனைக்கு. முனைகளில் 0, 220, 240 என்று இருந்தால் 240ஐத் தேர்ந்தெடுங்கள். இங்கே மின்னழுத்தம் 253 வரை ஏற அனுமதி உண்டு. பச்சை-மஞ்சள் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட்டும் நட்சத்திர வாஷரும் போட்டுப் பெட்டியோடு இறுக்குங்கள். வெளியீட்டில் ஒரு கம்பி 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகச் சாக்கெட்டுக்கு, மற்றது நேராக. வயர் நுழையும் துளையில் கேபிள் கிளாண்ட் கட்டாயம்.

சோதனை

முதலில் மல்டிமீட்டர். பிளக்கின் எர்த் காலுக்கும் பெட்டிக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும்; லைவ் காலுக்கும் பெட்டிக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது அனுபவமுள்ள வயர்மேன் பக்கத்தில் இருக்கட்டும். அவர் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துத் தருவார், எல்.இ.டி. உதவாது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு வெளியீட்டை அளந்து பாருங்கள். 105 முதல் 120 வரை இருக்கலாம். 130ஐத் தாண்டினால் கருவியைச் செருகாதீர்கள்.

பயன்பாடு

அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பின் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் அளவு போதவில்லை. வெளியீட்டுப் பக்கம் கசிவு ஏற்பட்டால் வீட்டு ஆர்.சி.சி.பி. (கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது, ஆகவே ஒரு நேரத்தில் ஒரே கருவிதான். ஈரமான இடத்திலும் ஆளில்லாத வீட்டிலும் ஓட விடாதீர்கள். மருத்துவக் கருவி எதையும் இதில் இணைக்கக் கூடாது. இது எந்த அங்கீகாரமும் பெறாத பெட்டி. விற்கவும் வேண்டாம், அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்கவும் வேண்டாம்.