கற்பித்த ஆசிரியருக்குக் கட்டணம் காலத்தே சேர…

வீட்டு முன்னறையில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் முதல் வாடகைக் கட்டடத்தில் பயிற்சி வகுப்பு நடத்துபவர் வரை, தனிப்பயிற்சி ஆசிரியர் பலருக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு: மாதக் கட்டணம் உரிய நாளில் வந்து சேர்வதில்லை. ஆசிரியர் என்ற மதிப்பு, பணத்தைக் கேட்கவும் தயங்க வைக்கிறது. இதனைச் சீர்செய்யும் வழிகளைக் காண்போம்.

தாமதத்தின் உண்மையான விலை

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 20 மாணவர்கள், தலைக்கு ரூ.1,500, மாத வரவு ரூ.30,000. வாடகை ரூ.8,000, உதவி ஆசிரியர் ஊதியம் ரூ.10,000, மின்சாரமும் அச்சுச் செலவும் ரூ.2,000 போக, மிச்சம் ரூ.10,000. அறுவர் மட்டும் தாமதித்தால் ரூ.9,000 நின்றுவிடும். செலவுகளோ காத்திருப்பதில்லை. அம்மாதம் குடும்பத்திற்குக் கிடைப்பது ரூ.1,000 மட்டுமே. மொத்த வரவில் பத்தில் மூன்று பங்கு நிலுவை, ஆசிரியரின் வருவாயில் பத்தில் ஒன்பது பங்கை முடக்கிவிடுகிறது.

சேர்க்கையின்போதே எழுத்தில்

கட்டணத் தொகை, செலுத்த வேண்டிய நாள், சலுகை நாட்கள், விடுமுறை மாதக் கட்டணம், இடையில் விலகினால் திருப்பித் தரப்படும் தொகை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கையொப்பம் பெறுதல் நன்று. மாதத் தொடக்கத்திலேயே முன்பணமாகப் பெற்றால் நிலுவை ஒரு மாதத்தைத் தாண்டாது. செலுத்தும் நாளைப் பெற்றோர் ஊதியம் பெறும் நாளையொட்டி அமைத்தல் வேண்டும். வாரக்கூலி பெறும் குடும்பத்திற்கு இரு தவணையாகப் பிரித்தளிப்பதே பொருந்தும்.

வங்கி வழியே எளிமை

மறதியால் நேரும் தாமதத்திற்கு யு.பி.ஐ. ஆட்டோபே நல்ல மருந்து. பெற்றோர் ஒருமுறை ஒப்புதல் அளித்தால், குறித்த நாளில் தொகை தானே சேரும். பிடித்தத்திற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அவர்களுக்கு அறிவிப்பு வரும். ஒப்புதலை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். கட்டண வரவுக்கெனத் தனிக் கணக்கு வைத்து, மாதந்தோறும் பெயர்ப் பட்டியலுடன் ஒப்பிட்டு, ரசீதும் வழங்கினால் ‘கொடுத்தோம்’, ‘வரவில்லை’ என்னும் பூசலுக்கு இடமிராது.

நினைவூட்டும் முறை

உரிய நாளுக்கு முந்தைய நாள் ஒரு குறுஞ்செய்தி. ஐந்து நாள் கடந்தால் தொலைபேசி அழைப்பு. பதினைந்து நாள் கடந்தால் நேரில் சந்திப்பு. இம்மூன்றும் பெற்றோருடன் மட்டுமே நிகழ வேண்டும். பிள்ளையிடம் கேட்டனுப்புவதும், வாட்ஸ்அப் குழுவில் பெயர் வெளியிடுவதும், பிறர் முன்னிலையில் வகுப்பிலிருந்து எழுப்புவதும் கூடவே கூடா. கடன் பெற்றோருடையது, அவமானத்தைச் சுமப்பதோ பிள்ளை. அவ்வாறு கூசிய பிள்ளைக்குப் பாடமும் கசந்துவிடும்.

சந்திப்பில், இயலாமையையும் விருப்பமின்மையையும் பிரித்தறிய வேண்டும். வேலை இழந்த குடும்பத்திற்குத் தவணையோ சலுகையோ அளித்து, அதனையும் எழுத்தில் குறித்துக்கொள்ளலாம். வசதியிருந்தும் காலம் கடத்துவோரிடம், நிலுவை தீரும் வரை அடுத்த மாதச் சேர்க்கை இல்லை எனப் பணிவுடன், உறுதியாகக் கூறலாம்.

சட்டத்தின் துணை

நிலுவைக்காகப் பெற்ற காசோலை பணமின்றித் திரும்பினால், அத்தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் முறையிடலாம். பள்ளிகளுக்கோ நிறுவனங்களுக்கோ ஒப்பந்த அடிப்படையில் பயிற்சி அளிப்போர், பணி ஏற்குமுன் உத்யம் பதிவு செய்துகொள்வது நன்று. அதற்குக் கட்டணம் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதில்லை.

எனினும் வழக்கு இறுதி வழியே. முதல் நாள் எழுதிய ஒரு தாளும், மாதந்தோறும் தவறாத ஒரு நினைவூட்டலும் பெரும்பாலான நிலுவைகளை முளையிலேயே தடுத்துவிடும். வரும் மாதச் சேர்க்கையிலிருந்தே தொடங்குவோம்.